அது தப்பாச் சொன்னா என்ன போகும்? ஏஐயைக் கடைக்குள் கொண்டுவர நினைக்கும் மதுரை முதலாளிகளுக்கு

கீழமாசி வீதியில் ஒரு பருப்பு மண்டி. போன வருடம் ஒரு மத்தியானம், மூடை இறக்கும் சத்தத்துக்கு நடுவே முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, எல்லாரும் ஏஐ ஏஐங்கிறாங்க. நமக்கும் ஒண்ணு போட்டுரு" என்றார், சிசிடிவி கேமரா மாட்டச் சொல்வதுபோல. மாசி வீதிகளிலும் கப்பலூர் சிட்கோவிலும் இருபது வருடமாகக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுப்பவன் நான். டேலி வாங்கும்போதும் ஜிஎஸ்டி வந்தபோதும் இதே குரலில்தான் கூப்பிட்டார்கள். அப்போதெல்லாம் "போட்டுரலாம் அண்ணாச்சி" என்று சொல்ல முடிந்தது. இந்த முறை வாய் வரவில்லை. கணக்கு மென்பொருளில் இரண்டும் இரண்டும் என்றைக்கும் நாலு. ஏஐயில் பெரும்பாலும் நாலு, என்றைக்காவது ஐந்து. அந்த ஐந்தையும் துளிச் சந்தேகம் இல்லாமல் சொல்லும்.

அதனால் அவரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்: "அது தப்பாச் சொன்னா உங்களுக்கு என்ன போகும், அண்ணாச்சி?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எதுல தப்பாச் சொல்லுதுங்கிறதைப் பொறுத்து" என்றார். இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது. மண்டியோ, ஜவுளிக் கடையோ, பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறையோ, முதல் மூன்று மாதத்துக்கு இது போதும்.

முதல் இரண்டு வாரம்: முதலாளி மட்டும்

கடையில் யாருக்கும் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். சாட்ஜிபிடியோ ஜெமினியோ ஒன்றை உங்கள் கைப்பேசியில் போட்டுக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் நீங்களே பேசிப் பாருங்கள். மகனிடமோ மேனேஜரிடமோ இந்த வேலையைத் தள்ளாதீர்கள். இதன் பலமும் பலவீனமும் உங்கள் கையில் படாவிட்டால், பின்னால் வந்து விற்கிறவர் சொல்வதை எதை வைத்து எடை போடுவீர்கள்?

கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. தெரியாததைக் கேட்டால் சரியா தப்பா என்று உங்களால் சொல்ல முடியாது. அத்துப்படியான தொழிலைப் பற்றிக் கேளுங்கள். நான் கொடுத்த முதல் கேள்வி, "அரிசி மூடை ஏன் 26 கிலோவில் வருகிறது?" பலசரக்குக் கடையில் நிற்கும் பையனுக்குக்கூட விடை தெரியும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரைக்கும் பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் அந்த வரிக்குள் வராது. அன்றைக்கு அண்ணாச்சியின் கைப்பேசியில் வந்த பதில் சாக்கின் பலம், தூக்குகிறவரின் வசதி என்று அழகாக நாலு காரணம் அடுக்கியது. உண்மைக் காரணம் அதில் இல்லை. அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாக இருந்தது. வியாபாரம் தெரியாத ஒருவர் அதைப் படித்திருந்தால் அப்படியே நம்பியிருப்பார்.

இரண்டாவதாக வரி விகிதம் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி அடுக்குகள் மாறின. நெய்யும் வெண்ணெயும் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின, பற்பசை 18இலிருந்து 5க்கு வந்தது. இந்தக் கருவிகள் ஒரு தேதி வரைக்கும் உள்ள எழுத்துகளைப் படித்துப் பழகியவை. இணையத்தில் தேடிப் பார்த்துச் சொன்னால் புதிய விகிதம் வரும். தன் நினைவிலிருந்து சொன்னால் பழையது வரலாம். இரண்டையும் ஒரே தொனியில்தான் சொல்லும். ஆகவே வரி, சட்டம், மருந்தளவு போன்ற விஷயங்களில் ஆடிட்டரையோ உரிய ஆளையோ கேட்காமல் எதையும் பில்லில் ஏற்றக் கூடாது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சிலர், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை நிஜம் என்று நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். படித்தவர்களே அப்படி ஏமாந்தார்கள்.

தலைவலிப் பட்டியல்

மூன்றாவது வாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கல்லாவில் வையுங்கள். ஒரு வாரத்துக்கு, திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போகும் வேலைகளைக் கடையில் இருப்பவர்களே எழுதட்டும். மண்டியில் வந்த பட்டியல் இது: சப்ளையர் பில்லைப் பார்த்து டேலியில் ஏற்றுவது, "இன்னிக்கு ரேட் என்ன" என்று வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள், பாக்கி கேட்டு ஆள் ஆளுக்குச் செய்தி அனுப்புவது, இந்தியில் வரும் வடநாட்டு வியாபாரிகளின் செய்திகளைப் புரிந்துகொள்வது, யாருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று முடிவு செய்வது.

ஒவ்வொன்றின் எதிரிலும், "தப்பாச் சொன்னா என்ன போகும்" என்ற கேள்விக்கான விடையை எழுதினோம். இந்திச் செய்தியைத் தப்பாக மொழிபெயர்த்தால் ஒரு போன் பேசிச் சரிசெய்யலாம். சப்ளையர் பில் தப்பாக ஏறினால் பணம் போகும், ஆனால் பில்லும் கையில் இருப்பதால் ஒத்துப் பார்த்துப் பிடிக்கலாம். ரேட் தப்பாகப் போனால் அந்த ரேட்டுக்கே சரக்குக் கேட்டு ஆள் வந்து நிற்பார். கடன் விஷயத்தில் தப்பு நடந்தால் முதலே போகும். அதைவிட மோசம், நாணயமான ஒரு வியாபாரிக்கு அது 'வேண்டாம்' என்று சொல்லி, அவர் நம் கடைப் படியே ஏறாமல் போவது. அது தப்பென்று நமக்குத் தெரியவே வராது.

ஆரம்பத்தில் தொட வேண்டியது, தப்பு நடந்தாலும் உடனே கண்ணில் படுகிற, மலிவாகத் திருத்தக்கூடிய வேலை. கடன் கொடுப்பது, ஆள் எடுப்பது, ஆளை நிறுத்துவது, இந்த மூன்றிலும் முடிவை இதனிடம் விடாதீர்கள். ஆள் எடுக்க அமேசான் உள்ளுக்குள் செய்து பார்த்த ஒரு கருவி பெண்களின் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் குறைத்தது, அதனால் கைவிடப்பட்டது என்ற செய்தி 2018இல் வெளிவந்தது. பழைய விண்ணப்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது, அதில் ஆண்களே அதிகம். நம் பழைய கடன் நோட்டிலும் ஊர், தெரு, சொந்தம் என்று நாம் பார்த்த பாரபட்சங்கள் எல்லாம் இருக்கின்றன. அதைக் கற்றுக்கொண்டால் நம்மை மாதிரியேதான் நடக்கும், ஆனால் கணினியே சொன்னது என்ற மரியாதையோடு.

க.ப. என்றால் என்ன

மண்டியில் தேர்ந்தெடுத்தது பில் ஏற்றும் வேலை. கைப்பேசியில் படம் எடுத்துக் கொடுத்தால், பார்ட்டி பெயர், சரக்கு, எடை, விலை எல்லாவற்றையும் அட்டவணையாகப் போட்டுத் தரும். அச்சடித்த பில்களை நன்றாகவே படித்தது. சிக்கல் வந்தது கையால் எழுதும் கடைச் சிட்டையில். கணக்குப்பிள்ளை இருபத்திரண்டு வருடமாக அங்கே இருப்பவர். "க.ப. 4 சிப்பம்" என்று அவர் எழுதியிருந்ததை அது "கருப்பட்டி 4 சிப்பம்" என்று ஏற்றியிருந்தது. அந்தக் கடையில் க.ப. என்றால் கடலைப் பருப்பு, து.ப. துவரம் பருப்பு, உ.ப. உளுத்தம் பருப்பு. கருப்பட்டியே அந்தக் கடையில் விற்பதில்லை. தெரியாத இடத்தைக் காலியாக விட்டிருந்தால் பிடித்திருப்போம், இது நிரப்பிவிட்டது.

இதற்கு இரண்டு மருந்து. ஒன்று, "தெளிவாகத் தெரியாததை ஊகிக்காதே, 'தெரியவில்லை' என்று எழுது" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வது. முழுக்கக் கேட்காது, ஆனாலும் பெருமளவு அடங்கும். இன்னொன்று, கடையின் சுருக்கெழுத்தை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுப்பது. கணக்குப்பிள்ளைதான் உட்கார்ந்து எழுதினார், அறுபது சொற்களுக்கு மேல். அதுவரைக்கும் வேறு யார் தலையிலும் இல்லாத, அவர் தலையில் மட்டுமே இருந்த விஷயம் அது. ஏஐ வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தாள் கடைக்குச் சொத்து.

அப்போதுதான் டேலியில் இருந்த அழுக்கும் தெரிந்தது. ஒரே பருப்பு மூன்று பெயரில், ஒரே பார்ட்டி இரண்டு லெட்ஜரில். சரக்குப் பெயரையும் பார்ட்டிப் பெயரையும் ஒழுங்குபடுத்தப் பத்து நாள் ஆனது. ஏஐ போட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்கள் இந்தப் பத்து நாளைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

வெளியே போகக் கூடாதவை

இதில் எனக்கே ஒரு சூடு உண்டு. இரண்டு வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளரின் பாக்கிப் பட்டியலை, ஊர்வாரியாகப் பிரித்துத் தா என்று இலவசக் கருவி ஒன்றில் அப்படியே ஒட்டினேன். பெயர், கைப்பேசி எண், பாக்கித் தொகை, எல்லாம். பட்டியல் அழகாகப் பிரிந்து வந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது, இன்னொருவர் வீட்டுக் கணக்கை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று. மறுநாள் போய் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. மூன்று மாதம் வேலைக்கும் கூப்பிடவில்லை.

இலவசக் கணக்குகள் பலவற்றில் நீங்கள் தட்டுவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கும். செட்டிங்ஸுக்குள் போய் அதை அணைக்கலாம். நிறுவனங்களுக்கான கட்டணத் திட்டங்களில் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். 2023இல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் ரகசிய நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட, அந்த நிறுவனம் இப்படிப்பட்ட கருவிகளுக்கே தடை போட்டது. நம் கடைப் பையன் தன் சொந்தக் கைப்பேசியில் ஒட்டினால் நமக்குத் தெரியக்கூடப் போவதில்லை. தடை மட்டும் போட்டால் ஒளித்துச் செய்வார்கள். கடைக்கென்று ஒரு கணக்கு வாங்கிக் கொடுத்து, எதைப் போடலாம் கூடாது என்று சொல்லிவிடுவது மேல்.

சட்டமும் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசத்தோடு. வாடிக்கையாளரின் விவரத்தை எதற்கு வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்துவது, பத்திரமாக வைப்பது, கசிந்தால் தெரிவிப்பது ஆகியவை நம் பொறுப்பு. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். அது உச்சவரம்பு, பெட்டிக்கடைக்கு வரும் தொகை அல்ல. ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் இனி செல்லாது.

மண்டிச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இவ்வளவுதான் இருக்கிறது:

ஆதார், பான், வங்கிக் கணக்கு எண், போன் நம்பர், சம்பளம் எதையும் ஏஐயில் போடக் கூடாது.
கடை கணக்கில் மட்டும், கடை போனில் மட்டும்.
அது கொடுத்ததை ஆள் பார்க்காமல் வெளியே அனுப்பக் கூடாது.
தப்பு வந்தால் நோட்டில் எழுது. எழுதியவரைத் திட்டுவதில்லை.

கடைசி வரியை அண்ணாச்சி ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

ஒரு மாதம் இரட்டைக் கணக்கு

புதிய வழி வந்ததும் பழையதை நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் கூடவே ஓடட்டும். ஆரம்பிக்கும் முன்பே பழைய வழியில் ஒரு பில்லுக்கு எத்தனை நிமிடம், வாரத்துக்கு எத்தனை தப்பு என்று எண்ணி வையுங்கள். இதைச் செய்யாதவர்கள் மூன்று மாதம் கழித்து, "வேகமா இருக்கிற மாதிரிதான் தெரியுது" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாமல் நிற்பார்கள்.

இந்தப் பொறுமைக்கு முன்மாதிரியை நம் ஊரிலேயே காட்டலாம். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கும் கூகுளின் ஏஐ ஆய்வில் அரவிந்தும் பங்கெடுத்தது. அந்த ஆய்வின் முதல் முடிவு 2016இல் வெளியானது, பழைய படங்களை வைத்துச் சோதித்தது. அது நன்றாக வந்துவிட்டதே என்று உடனே நோயாளிகள் பக்கம் திருப்பிவிடவில்லை. அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் நேரில் வந்த நோயாளிகளின் படங்களை மருத்துவர்களும் கணினியும் தனித்தனியாகப் பார்த்து, இரண்டையும் ஒத்துப் பார்த்த முடிவு 2019இல்தான் வந்தது.

இதே கருவி தாய்லாந்தின் சிறு மருத்துவமனைகளுக்குப் போனபோது வேறு கதை. செவிலியர்கள் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், தெளிவில்லை என்று கருவி தள்ளிவிட்டது. அறையில் போதிய இருட்டில்லை, இணையமும் மெதுவாக இருந்தது. கருவியில் கோளாறில்லை, அது போய் உட்கார்ந்த அறை வேறு. ஆய்வுக்கூடத்தில் நன்றாக ஓடியது என்று விற்கிறவர் சொன்னால், மண்டியின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், பருப்புத் தூசி படிந்த கைப்பேசி கேமராவில் ஓடுமா என்று கேளுங்கள். எங்களுக்கு ஓடவில்லை. பில் படம் எடுக்க ஒரு டியூப்லைட் மாட்டி, லென்ஸைத் துடைக்க ஒரு துணியும் கட்டித் தொங்கவிட்ட பிறகு ஓடியது.

வாடிக்கையாளரிடம் பேச விடும்போது

பாக்கி கேட்டு அனுப்பும் செய்தியை எழுதித் தரச் சொன்னோம். வந்தது இது: "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் நிலுவைத் தொகையை ஏழு நாட்களுக்குள் செலுத்தத் தவறும் பட்சத்தில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்." எதிரில் இருப்பவர் உசிலம்பட்டிப் பக்கம் கடை வைத்திருக்கும் பழைய வாடிக்கையாளர். "அவன் மக கல்யாணத்துக்கு மொய் எழுதிட்டு வந்து இருபது நாள் ஆகல. இதை அனுப்புனா பாக்கியும் வராது, ஆளும் வரமாட்டான்" என்றார் அண்ணாச்சி. பிறகு அவரே சொல்லச் சொல்லத் தட்டினேன்: "தம்பி, விசேஷமெல்லாம் நல்லபடியா முடிஞ்சதா? அலைச்சல் தீர்ந்ததும் நம்ம கணக்கையும் கொஞ்சம் பார்த்து விடுங்க." அதையும் அவர் பழைய செய்திகளில் நாலைந்தையும், பெயர் நம்பர் நீக்கி, மாதிரியாகக் கொடுத்த பிறகு வந்த வரைவுகள் தேவலாம். இருந்தாலும் ஒவ்வொன்றையும் அவர் பார்த்துத்தான் அனுப்புகிறார். எந்தப் பார்ட்டி வீட்டில் என்ன நடந்தது என்று அதற்கு யார் சொல்வது?

தானாகவே பதில் போடும் வாட்ஸ்அப் ஏற்பாடு வேண்டும் என்றால் கனடாவில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த உரையாடல் கருவி, சாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட்டில் தரும் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்கலாம் என்று ஒரு பயணியிடம் தப்பாகச் சொன்னது. கருவி சொன்னதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற வாதத்தை 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. நிறுவனம் பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே விலை, இருப்பு, திரும்ப எடுப்பது ஆகியவற்றுக்கு அது சொந்தமாகப் பதில் சொல்லக் கூடாது. நீங்கள் அன்று காலை ஏற்றிய பட்டியலில் இருப்பதை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். பேசுவது இயந்திரம் என்று முதல் வரியிலேயே தெரிவித்துவிடுங்கள். "ஆள்கிட்ட பேசணும்" என்றால் உடனே ஆளிடம் போக வழி இருக்கட்டும்.

விற்க வருகிறவரிடம்

மல்லிகைப்பூ விலையைக் கணித்துத் தருகிறோம் என்று ஒருவர் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வந்து பேசியதைக் கேட்டேன். பனி விழும் மார்கழி, தையில் வரத்துக் குறைவதும், முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் விலை ஏறுவதும் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று ஒரு வியாபாரி கேட்டார். விற்க வந்தவர் தன் பையிலிருந்து ஆங்கிலக் காலண்டரை எடுத்தார். பேச்சு அங்கேயே முடிந்தது.

நீங்களும் உங்கள் தொழிலின் அப்படிப்பட்ட கேள்வி ஒன்றை எடுத்துவையுங்கள். அதோடு இவற்றையும் கேளுங்கள். எங்கள் சரக்கு, எங்கள் பில்லை வைத்து இங்கேயே ஓட்டிக் காட்டுவீர்களா? எங்கள் விவரம் எங்கே இருக்கும், நிறுத்தினால் எக்செல்லில் திருப்பித் தருவீர்களா, உங்களிடம் இருப்பதை அழிப்பீர்களா? தப்பு நடந்தால் யார் பொறுப்பு, எழுதித் தருவீர்களா? முதல் வருடம் மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், ஆண்டு ஒப்பந்தம் வேண்டாம். தமிழில் ஓட்டுவதற்கு என்ன செலவு என்றும் கேளுங்கள். இந்தக் கருவிகள் எழுத்தைத் துண்டு துண்டாக உடைத்துப் படிப்பவை. ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் அதிகத் துண்டுகளாகும். துண்டுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் சேவையானால் பில் ஏறும். இந்திய மொழிகளுக்கென்று அரசு நடத்தும் பாஷிணி தளம் இருக்கிறது, மொழிபெயர்ப்பு மட்டும் போதும் என்றால் அதை முதலில் பாருங்கள்.

வேலை போயிருமா

கடையில் எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி இது. யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். கணக்குப்பிள்ளை கேட்கவில்லை, ஆனால் முதல் வாரம் பில் கட்டைத் தரத் தாமதித்துக்கொண்டே இருந்தார். அண்ணாச்சி ஒருநாள் சாயங்காலம் டீ வரவழைத்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இதுனால யாரையும் நிறுத்தப் போறதில்ல. மிச்சமாகுற நேரத்துல நம்ம பாக்கியை ஒழுங்கா வசூல் பண்ணப் போறோம்." இப்படிச் சொல்ல முடியாத நிலையில் நீங்கள் இருந்தால் பொய் சொல்லாதீர்கள், என்ன மாறும் என்பதை இருப்பதுபோலச் சொல்லிவிடுங்கள். கணக்குப்பிள்ளைதான் இப்போது சரிபார்ப்பவர். தப்பு நோட்டு அவர் கையில் இருக்கிறது. போன மாதம் அதில் பதினோரு வரி, அதில் மூன்று அவர் எழுத்துப் புரியாமல் வந்தவை என்று அவரே குறித்திருக்கிறார்.

மூன்று மாதம் முடிந்ததும் அந்த நோட்டையும், ஆரம்பத்தில் எண்ணிவைத்த நிமிடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டிய பிறகும் மிச்சம் தெரிந்தால் அடுத்த வேலையைத் தொடலாம். தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். மண்டியில் பில் ஏற்றுவது நின்று பிடித்தது. ரேட் சொல்லும் வாட்ஸ்அப் ஏற்பாட்டை இரண்டாவது வாரமே எடுத்துவிட்டோம், காலையில் ஏற்றிய பட்டியலை மத்தியானத்துக்குள் சந்தை மாற்றிவிடுகிறது.

எப்போது ஆரம்பிப்பது என்றால், ஆடியில். கல்யாணம் காட்சி கிடையாது, மொத்த வியாபாரம் மந்தமாக இருக்கும், ஆட்களுக்குக் கற்றுக்கொள்ளக் கை ஒழியும். ஆடித் தள்ளுபடி போடும் ஜவுளிக் கடை என்றால் மார்கழிக்குத் தள்ளிவையுங்கள். தீபாவளிக்கு முந்தின மாதமும் சித்திரைத் திருவிழா நேரமும் மட்டும் வேண்டவே வேண்டாம்.